அலைமேல் நின்ற கண்டக்டர்

என் அக்கா பஸ் கண்டக்டர். இதைச் சொன்னதும் சிலர் "பொம்பளையா?" என்று கண்ணை விரிப்பார்கள். பொம்பளைதான். கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குப் போனவள், மகளைக் கட்டிக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய பிறகும் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸில் போகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரைட்டக்கா. வீட்டில் அத்தான்கூடக் கோபம் வந்தால் "ரைட்டக்கா சொல்லிட்டாங்க, வண்டி கெளம்பட்டும்" என்பார்.

நான் அவளுக்கு இரண்டு வயது இளையவள். தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற வேலை. அதனாலோ என்னவோ, அக்கா நிற்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் பொறாமை. பஸ் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவள் கம்பியைப் பிடிக்க மாட்டாள். ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை, காலைச் சற்று அகட்டி வைத்துக்கொண்டு நடுவில் நிற்பாள். பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் ஆடுவார்கள், அவள் ஆட மாட்டாள்.

அவளுக்கு வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வாய் "ரைட்" என்று சொல்லும்போதே கழுத்து பின்பக்கம் திரும்பிவிடும். பின்படியை ஒரு பார்வை. யாராவது ஒரு காலைத் தரையில் வைத்திருந்தால், விசில் பறக்கும், டிரைவர் வண்டியை நகர்த்த மாட்டார். "ரைட்டுங்கறது வாய் வேலை, பாக்கறது கழுத்து வேலை. ரெண்டும் ஒண்ணா நடக்கணும். நடக்கலன்னா அவ கண்டக்டர் இல்ல, டிக்கெட் கிழிக்கிறவ" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். கொஞ்சம் திமிராகத்தான் சொல்வாள். தப்பில்லை, அந்தத் திமிருக்குத் தகுதி இருந்தது.

போன வருடம் ஒரு காலை நேரம், மார்க்கெட் நிறுத்தத்தில் அது நடந்தது. நல்ல கூட்டம். அக்கா ரைட் சொன்னாள், வண்டி கிளம்பியது, பின்னாலிருந்து ஒரு அலறல். பின்படியில் ஏறப் பார்த்த ஒரு பெரியவர் கைப்பிடி நழுவி ரோட்டில் விழுந்துவிட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் கால் எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்.

விசாரணை வைத்தார்கள். டிரைவர், பயணிகள், எதிர்க்கடைக்காரர் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். வண்டி கிளம்பிய பிறகு பெரியவர் ஓடிவந்து தாவினார், கண்டக்டர்மேல் தப்பில்லை. அலுவலகமும் அப்படியே எழுதி முடித்துவிட்டது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெரியவரே கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தாம்மா ஓடி வந்து தொத்துனேன். நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறே?" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னாள்: "நல்ல மனுஷன்டி. என் வேலைக்கு எதுவும் வந்துடக் கூடாதுன்னு இவரும் பொய் சொல்றாரு."

அவளுடைய கேள்வி வேறு. ரைட் சொன்னபோது தான் திரும்பிப் பார்த்தோமா? அது அவளுக்கு நினைவில்லை. அன்று என்ன சேலை, முன்சீட்டில் யார், யாருக்குச் சில்லறை பாக்கி, எல்லாம் நினைவிருக்கிறது. ரைட்டுக்கும் அலறலுக்கும் நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. "அந்த எடம் மட்டும் துடைச்சு விட்ட மாதிரி இருக்குடி" என்பாள். மற்றவர்களைக் கேட்டும் பயனில்லை. விழுந்தவரை எல்லோரும் பார்த்தார்கள், கண்டக்டரின் கழுத்தை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

நானும் தலைகீழாக நின்று பார்த்தேன். "இத்தனை வருஷம் பாத்தவ அன்னைக்கு மட்டும் பாக்காம இருந்திருப்பியா, லூசு" என்றேன். "அன்னைக்கு மட்டும் பாக்காம இருந்திருந்தா?" என்று திருப்பிக் கேட்டாள். நீண்ட விடுப்பு எழுதிப் போட்டாள். அது முடிந்ததும் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்லிவிட்டாள். "பாத்தேனா இல்லையான்னே தெரியாதவ ரைட் சொல்லக் கூடாது" என்பது அவள் தீர்ப்பு. அவளுக்கு அவளே நீதிபதி, அப்பீலுக்கும் இடமில்லை.

இந்த நிலையில்தான் அக்கா மகள் எங்கள் இருவரையும் தன்னிடம் வரச்சொல்லி டிக்கெட் அனுப்பினாள். அத்தான் வரவில்லை. விமானத்தில் ஜன்னல் திறக்காது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்தே அவருக்கு விமானம் ஆகாது.

மகள் வீடு மூன்றாவது மாடியில், கையளவு சமையலறையோடு இருந்தது. அக்கா அந்தச் சமையலறை ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை. நேர் கீழே ஒரு பஸ் நிறுத்தம். நீளமான, சத்தமே போடாத பஸ்கள் வரும், நிற்கும், போகும். ஒன்றிலும் கண்டக்டர் இல்லை. ஏறுகிறவர்கள் ஒரு அட்டையைக் காட்டிவிட்டு ஏறினார்கள்.

"அப்ப ரைட் யாரு சொல்றது?" என்று மகளிடம் கேட்டாள்.

"யாரும் சொல்ல வேணாம்மா. கதவு தானா மூடிக்கும்."

"மூடறப்போ நடுவுல ஆள் நின்னா?"

"கதவுக்குத் தெரியும்மா. மூடாது."

அக்கா என் பக்கம் திரும்பி, "கதவுக்குக்கூடத் தெரியுது பாரு" என்றாள். எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எழுந்துபோய்ப் பாத்திரத்தைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரம்தான்.

மகளும் மாப்பிள்ளையும் ஒரு சனிக்கிழமைக்கு அலைச்சறுக்கு வகுப்பில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். பலகைமேல் ஏறி நின்று அலையோடு கரைக்கு வருகிற விளையாட்டு. நாங்களும் போய் மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதாக ஏற்பாடு. அன்று காலையில் ஆஸ்பத்திரியில் ஏதோ ஸ்கேன் மெஷின் நின்றுவிட்டது என்று மாப்பிள்ளைக்கு போன் வந்தது. அதைச் சரிசெய்கிறவர் அவர்தான், போயே ஆக வேண்டும். மகள் என்னைப் பார்த்தாள்.

"சித்தி, நீங்க வரீங்களா? ஒரு இடம் சும்மா போகுது."

"எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு" என்றேன். அது அந்த நொடியில் பிடித்த இடுப்பு.

ஸ்டூலில் இருந்த அக்கா தலையைத் தூக்கினாள். "ஒரு சீட்டு காலியாவா போகுது?"

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலி சீட்டோடு வண்டி போவது அக்காவுக்கு எந்தக் காலத்திலும் பிடிக்காது. உடம்பு சரியில்லாத நாளில்கூட நிறுத்தத்தில் இறங்கி நின்று ஆளைக் கூப்பிட்டு ஏற்றுகிறவள். "நான் வரேன்" என்று எழுந்துவிட்டாள். நான் வாயைத் திறந்தால் மனம் மாறிவிடுவாளோ என்று என் வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் கடல் கிடையாது. வாய்க்காலில் நீச்சல் பழகியவர்கள் நாங்கள். கடலைப் படத்தில் பார்த்ததோடு சரி. படத்தில் இருக்கிற கடலுக்கு மணமும் கிடையாது, மேலே வந்து மோதுகிற காற்றும் கிடையாது. மணல்மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியபோது இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். அவ்வளவு தண்ணீர். அதற்கு ஒரு முடிவே இல்லை. வந்து விழுகிறது, திரும்பிப் போகிறது, மறுபடி வந்து விழுகிறது. யாருக்காகவும் இல்லை, யார் சொல்லியும் இல்லை. நெஞ்சுக்குள் இடம் போதாமல் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு.

"யம்மாடி" என்றாள் அக்கா.

சொல்லிக் கொடுக்கிறவர் நாற்பது வயதுக்காரர், தலைமுடியைக் குடுமியாகப் போட்டிருந்தார். நான் அவருக்குக் குடுமிக்காரர் என்று பெயர் வைத்தேன். அவர் அக்காவுக்குக் கொடுத்த கறுப்பு ரப்பர் உடையை நானும் மகளும் சேர்ந்து மாட்டிவிட்டது தனிக் கதை. தலையணை உறைக்குள் மெத்தையைத் திணிப்பது போலத்தான். "இடுப்புல கொஞ்சம் விட்டுத் தச்சிருக்கலாம்" என்று ஒரு தையல்காரியாக என் கருத்தைச் சொன்னேன். "நீ தச்சிருந்தா பாதியிலயே பிரிஞ்சிருக்கும்" என்றாள் அக்கா. பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்தது அப்போதுதான். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

முதலில் மணலிலேயே பாடம். பலகையில் குப்புறப் படு, கையால் தண்ணீரைத் தள்ளு, அலை வந்து தூக்கியதும் கையை ஊன்றி எழுந்து பக்கவாட்டில் நில், முழங்காலை மடக்கு. இதெல்லாம் சரி, ஒரு விஷயத்தைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கண் முன்னால் இருக்க வேண்டும், கரையைப் பார்க்க வேண்டும். எங்கே பார்க்கிறாயோ அங்கேதான் உடம்பு போகும். எக்காரணம் கொண்டும் பின்னால் திரும்பாதே. மகள் இதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அக்கா தலையாட்டினாள்.

நான் பைகளையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் மூன்று பேரும் இடுப்பளவு தண்ணீர்வரை நடந்து போனார்கள்.

அக்கா விழுந்தாள். எழுந்தாள், பலகையில் ஏறினாள், அலை வந்தது, விழுந்தாள். ஒருமுறை பலகை ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் போய், கணுக்காலில் கட்டியிருந்த கயிறு இழுத்ததால்தான் இரண்டும் ஒன்று சேர்ந்தன. மகள் ஒரு கட்டத்தில் முழங்காலில் நின்றாள், ஆர்ப்பாட்டம் செய்தாள், விழுந்தாள். நான் கைதட்டினேன். ஆனால் என் கண்ணெல்லாம் அக்காமேல்தான். ஒவ்வொரு முறை தண்ணீரிலிருந்து தலை வெளியே வரும்போதும் அவள் முகத்தில் அந்த ஜன்னலோர முகம் கொஞ்சம் குறைந்திருந்தது. பல் தெரியச் சிரித்தாள். முடி அவிழ்ந்து முகமெல்லாம் ஒட்டிக் கிடந்தது. பத்து வயதில் வாய்க்கால் மதகிலிருந்து குதித்தவளை எனக்குத் தெரியும், அவள்தான் அங்கே நின்றாள்.

நேரம் முடிகிற சமயம். குடுமிக்காரர் தூரத்தில் எதையோ பார்த்துவிட்டு, அக்காவைப் பலகையில் படுக்கச் சொன்னார். அதுவரை வந்ததைவிடப் பெரிய அலை ஒன்று வந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து பார்க்கும்போது கடல் ஒரு இடத்தில் மட்டும் எழுந்து நிற்கிற மாதிரி தெரிந்தது. அலை நெருங்கியதும் பலகையின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். பலகை சீறிக்கொண்டு கிளம்பியது. அப்போதுதான் அது போகிற வழியில், இடதுபக்கமாக, கனத்த உடம்புக்காரர் ஒருவர் கரையைப் பார்த்தபடி நிற்பதைக் கவனித்தார் போலிருக்கிறது. வலதுபக்கம் ஒதுங்கு என்பதற்காகத் தொண்டை கிழியக் கத்தினார்.

"ரைட்! ரைட்!"

அக்கா எழுந்து நின்றாள்.

கையை ஊன்றியது, காலை எடுத்து வைத்தது எதையும் நான் பார்க்கவில்லை. படுத்திருந்தாள், அடுத்து நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். காலைச் சற்று அகட்டி, கை இரண்டும் சும்மா, எதையும் பிடிக்காமல். பஸ்ஸில் நிற்கிற அதே நிலை. வலதுபக்கம் ஒதுங்கவில்லை, நேராகவே வந்தாள். பலகை கரையை நோக்கி வருகிறது, அவள் முகம் கரையைப் பார்க்கவில்லை. கழுத்து முழுசாகப் பின்பக்கம் திரும்பி, இடுப்பும் கூடவே திரும்பி, அலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளுக்குப் பின்னால் அந்த அலை நின்றது. ஆள் உயரத்துக்கு மேல். வெயில் அதற்குள் புகுந்து பச்சையாக வெளியே வந்தது. உச்சியில் நுரை உடைந்து உடைந்து விழுகிறது, ஆனால் அவள்மேல் விழவில்லை. அவளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தது. அவ்வளவு பெரிய கடலுக்கு முன்னால் என் அக்கா, என்னைவிட நாலு விரல் குட்டையானவள், தண்ணீர்மேல் நின்றுகொண்டு அதைப் பின்படியில் ஏறுகிற ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியாது. பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்து நின்றிருந்தார்கள். கனத்த உடம்புக்காரர் கடைசி நொடியில் பாய்ந்து விலகினார்.

முழங்கால் அளவு தண்ணீரில் பலகை மணலில் தட்டியது. அக்கா பின்பக்கமாக விழுந்து, அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பாவது பையாவது என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினேன்.

"அடி எதுவும் படலையே?"

அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "எவ்வளவு பெருசுடி" என்றாள். "கிட்டத்துல, இந்தா, உன்னைத் தொடுற மாதிரி கிட்டத்துல. உள்ளுக்குள்ள வெளிச்சமா இருக்கு. என் பின்னாடியே வருது. என்னை ஒண்ணும் பண்ணல. நான் படிக்கட்டுல யாருன்னு பாக்கறேன், கடலே ஏறிக்கிட்டு இருக்கு."

"சரி சரி, எந்திரி முதல்ல."

"நீ பாக்கலடி. நீங்க எல்லாரும் அந்தப் பக்கம் இருந்தீங்க. நான்தான் பாத்தேன்."

அதற்குள் மகளும் குடுமிக்காரரும் தண்ணீரை உதைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மனுஷனுக்குப் பாதி கோபம், பாதி ஆச்சரியம். கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார்.

"அம்மா, வலதுபக்கம் போங்கன்னு கத்தினாராம். நீ நேரா போயிட்டியாம். அதுகூடப் பரவாயில்லையாம். பின்னாடி பாக்காதீங்கன்னு அவ்வளவு சொல்லியும் ஏன் திரும்புனீங்கன்னு கேக்கறாரு."

அக்காவுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "நல்லா கேக்கறாரு போ. ரைட்னு சொன்னது அவருதானே? ரைட்னு சொன்ன அப்புறம் பின்னாடி பாக்காம எப்படி..."

பாதியில் நின்றது பேச்சு.

மகள் மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அலை ஒன்று வந்து எங்கள் நான்கு பேரையும் நனைத்துவிட்டுப் போனது. அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி" என்றாள் கடைசியில். "நான் திரும்பினேன்ல?"

"திரும்பினே."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். இங்க இருக்கற அத்தனை பேரும் பாத்தாங்க."

"அவரு வேணாம்னு சொல்லியிருந்தாரு. நானும் மனசுல வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்படியும் கழுத்து நிக்கல. நான் சொல்லித் திரும்பலடி அது. அதுவா திரும்புச்சு."

நான் தலையை ஆட்டினேன்.

"கால் தரையில இல்ல, புடிக்கக் கம்பி இல்ல, மேல விழற மாதிரி கடல் வருது. அப்பவே திரும்புதுன்னா, அன்னைக்கு மார்க்கெட்ல..." என்றவள் அதை முடிக்கவில்லை. ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். விசாரணையில் அழாதவள், ஆஸ்பத்திரியில் அழாதவள், அந்தக் கரையில் முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். குடுமிக்காரர் பதறிப்போய் எங்கே வலிக்கிறது என்று கேட்டார். வலி எதுவும் இல்லை என்று மகள் சொன்னாள். அவளும் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

நான் அக்காவுக்குப் பக்கத்தில், சேலையோடு, தண்ணீரிலேயே உட்கார்ந்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ஊருக்குப் போன உடனே அவரைப் போய்ப் பாக்கணும். பெரியவர் பொய் சொல்லலடி."